நோயாளி கிடைக்காத வருடம்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, நான் கல்லூரி கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். பல் மருத்துவம் படிக்க இந்த நாட்டுக்கு வந்தவள். ஊர் ஓரளவு பழகிவிட்டது, கையும் பழகத் தொடங்கியிருந்தது. அந்த வாரமே கிளினிக்கை மூடிவிட்டார்கள்.

மூடியதில் தவறில்லை. பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுகள் வரை சுழலும். அந்த வேகத்தில் எழும் சூட்டில் பல்லின் உயிர்ப்பகுதி கெட்டுவிடாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது எச்சிலோடு கலந்து நுண்துளிகளாக மேலே எழும்பும். நாங்கள் உட்கார்ந்திருப்பதோ நோயாளியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில்.

ஆனால் எங்கள் படிப்பு கோட்டாவில் ஓடுவது. இத்தனை ஃபில்லிங், இத்தனை ரூட் கெனால், இத்தனை பல் பிடுங்கல் என்று முடித்தால்தான் பட்டம். நோயாளி இல்லையென்றால் கேஸ், அதாவது கணக்கில் சேரும் சிகிச்சை, இல்லை; கேஸ் இல்லையென்றால் வருடம் நீளும். வெளிநாட்டு மாணவிக்கு வருடம் நீண்டால் விசா, கட்டணம், வீட்டில் வாங்கிய கடன் எல்லாம் கூடவே நீளும். தொற்று வந்துவிடுமோ என்பதைவிட இந்தக் கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. மேல்தாடைப் பற்களைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதில் திசை மாறித் தெரியும், கை அதற்குப் பழக மாதக்கணக்காகும். அந்தப் பழக்கம் போய்விடக்கூடாது என்று இரவில் மேஜை மீது சின்னக் கண்ணாடியை வைத்து, அதில் பார்த்தபடியே பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். கோடு கோணலாகப் போனால் அழுகை வரும்.

உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடுதியில் எஞ்சியது எங்களைப் போன்றவர்கள்தான். அம்மாவிடம் பேசினால், "நீ டாக்டராகப் போறவ, உனக்குத் தெரியாததா"ன்னு சொல்வார். அதைக் கேட்ட பிறகு, எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

கிளினிக் திரும்பத் திறந்தபோது வேறு சிரமம். என்-95 முகக்கவசம், அதன் மேல் ஃபேஸ் ஷீல்டு, நீளமான கவுன். என் உச்சரிப்பே இங்குள்ளவர்களுக்குப் புதிது, அதுவும் இத்தனை திரைக்குப் பின்னால். "என்ன சொன்னீங்க?" என்று நோயாளி திரும்பத் திரும்பக் கேட்பார். பயந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சிரித்தால் அவருக்குத் தெரியாது. வயதானவர் வந்தால், இவருக்கு நான் எதையாவது கொடுத்துவிடுவேனோ என்று கை தயங்கும்.

கல்லூரியில் ஆலோசகர் இருந்தார். போனால் கோப்பில் ஏறிவிடுமோ, பின்னால் உரிமம் வாங்கும்போது கேட்பார்களோ என்று பலரும் போகவில்லை. சீனியர் அக்கா ஒருவர்தான், "எனக்கும் தூக்கம் வரல, நான் போறேன், நீயும் வா" என்றார். அங்கே கொடுத்தது மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பி.எச்.க்யூ-9 என்ற 9 கேள்விகள் கொண்ட படிவம். கடந்த 2 வாரங்களில் ஆர்வம், தூக்கம், பசி, கவனம் எல்லாம் எப்படி இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வருபவரிடம் பொதுவாக விரிவாகப் பேசுவார்கள். என்னிடமும் பேசினார்கள். நான் சொன்னது அந்த அறையைத் தாண்டாது என்று முதலிலேயே சொன்னது பெரிய ஆறுதல்.

அந்த மாதங்களில் மூச்சுப்பயிற்சி வீடியோக்கள் நிறைய அனுப்பினார்கள். அவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வகுப்புக்கு நிஜமாகவே உயிர் வந்தது, கேஸ் எண்ணிக்கையைக் குறைத்து, பயிற்சிக்கான பொம்மைத் தலையில் செய்யும் வேலையையும் தேர்ச்சிக்கு எடுத்துக்கொள்வோம் என்று கடிதம் வந்த அன்றுதான். மாணவர் மனநலம் பற்றிப் பேசும் கல்லூரிகள் முதலில் இதை யோசிக்க வேண்டும்: கிளினிக் மூடினால் பட்டம் என்ன ஆகும் என்று முதல் வாரமே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டில் பல் மருத்துவம் படிக்கக் கிளம்புகிறவர்கள் இடம் உறுதியாகும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஆலோசகரிடம் பேசுவது யார் காதுக்குப் போகும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.