கட்டில் பக்கத்துப் பொத்தான்

நவம்பர் 4

அத்தைக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அண்ணி போனில், "கண் முழிச்சிட்டாங்க, காபி கேக்கறாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசித்தது.

நவம்பர் 5

கட்டில் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் நடை விளக்கு எரிகிறது. குளியலறை விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினால் பொத்தானுக்குள் இருக்கிற குட்டி விளக்கு சிவப்பாக மின்னி அடங்குகிறது. நான் அனுப்பிவிட்டேன், அங்கிருந்து பதில் வரவில்லை என்று அதற்கு அர்த்தம்.

குளியலறைக்கே போய்ச் சுவர் ஸ்விட்சைத் தட்டினால் பளிச்சென்று எரிகிறது. பல்பில் குறை இல்லை, ஸ்விட்சிலும் இல்லை.

விழுந்த அன்றிரவு அத்தை இதை அழுத்தினாரா, அழுத்தாமல் இருட்டிலேயே எழுந்து போனாரா?

நவம்பர் 6

கப்பலில் நெட் கிடைத்ததும் என் வீட்டுக்காரர் பதில் அனுப்பியிருக்கிறார். "லிங்க் போயிருக்கும். ரெண்டையும் ரீசெட் பண்ணிட்டு முதல்ல இருந்து லிங்க் பண்ணிப் பாரும்மா."

நான் ரீசெட் செய்யவில்லை. செய்தால் பொத்தானுக்கும் நடை விளக்குக்கும் இருக்கிற லிங்கும் சேர்ந்து அழிந்துவிடும். இப்போது வேலை செய்வது அது ஒன்றுதான். அதையும் இழந்துவிட்டு நிற்க எனக்கு மனமில்லை.

கரண்ட் கம்பி வழியாகவே பொத்தான் விளக்கோடு பேசுகிற இந்த சிஸ்டத்தில் ஒரு லிங்க் என்பது இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி உண்டு. 'இந்த முகவரிக்குச் சொல்' என்று பொத்தானின் நினைவகத்தில் ஒரு வரி. 'இந்தப் பொத்தான் சொன்னால் கேள்' என்று விளக்கு ஸ்விட்சின் நினைவகத்தில் ஒரு வரி. ஒன்று அழிந்து மற்றது மட்டும் இருந்தால் அது அரை லிங்க். பொத்தான் அனுப்பிக்கொண்டே இருக்கும், ஸ்விட்ச் யாரோ யாரிடமோ பேசுகிறார்கள் என்று இருந்துவிடும். போன மாதம் விழுந்த இடியில் அப்படி ஏதாவது ஆகியிருக்கலாம் என்று நினைத்து, எதையும் அழிக்காமல் மேலேயே மறுபடி லிங்க் செய்து பார்த்தேன்.

பொத்தான் பலகையின் அடியில், நகத்தால் தேடினால்தான் தட்டுப்படுகிற ஒரு செட் பட்டன். மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் 'பீப்'. பச்சை விளக்கு மின்ன ஆரம்பிக்கும். நான்கு நிமிடத்துக்குள் அடுத்த சாதனத்துக்குப் போய் அதன் செட் பட்டனையும் அதேபோல் பிடிக்க வேண்டும். அங்கே இரட்டை பீப் கேட்டால் லிங்க் விழுந்தது. நடையைத் தாண்டி ஓடி, குளியலறை ஸ்விட்சின் மேல் மூடியைக் கழற்றி, விரலை வைத்து அழுத்திக்கொண்டு காதைச் சுவரோடு வைத்து நின்றேன். சத்தமே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பொத்தானில் பச்சை இன்னும் மின்னிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது நேரம் முடிந்து அணைந்தது.

நவம்பர் 7

அத்தை வாக்கர் பிடித்துக் கதவு வரை நடந்தாராம். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லையாம். சொல்ல மாட்டார். ராத்திரியில் பாத்ரூம் போக வேண்டும் என்று என்னையும் எழுப்ப மாட்டார். அதனால்தான் இந்த விளக்கு.

நவம்பர் 8

இன்று ஒரு விஷயம் தெளிவானது.

என் வீட்டுக்காரர் மெல்பர்னில் வாங்கி வந்த பெட்டியில் பிளக்கில் செருகுகிற மாட்யூல் ஒன்று சும்மா கிடந்தது. அடாப்டர் போட்டு, பொத்தானுக்குப் பக்கத்துப் பாயிண்டிலேயே செருகி, டேபிள் லாம்ப்பை மாட்டி லிங்க் செய்தேன். உடனே இரட்டை பீப். பொத்தானை அழுத்த அழுத்த லாம்ப் எரிகிறது, அணைகிறது. அதே மாட்யூலைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் குளியலறை வாசல் பாயிண்டில் செருகினேன். ஊமை. பொத்தானில் சிவப்பு.

லிங்க் இரண்டு பக்கமும் பத்திரமாக இருக்கிறது. கரண்ட் போனாலும் அது மறக்காது. இங்கே கேட்டது அங்கே கேட்கவில்லை என்றால் கெட்டது லிங்க் அல்ல, வழி. இனி எத்தனை முறை லிங்க் செய்தாலும் பயனில்லை. சிக்னல் எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும்.

ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன். கரண்ட் வருகிற கம்பியிலேயே செய்தியும் அனுப்பலாம் என்ற இந்த வழியை வீடுகளுக்குக் கொண்டுவந்தது எக்ஸ்10 என்ற சிஸ்டம். 1975-ல் ஸ்காட்லாந்தில் பைகோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி செய்தது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. அந்தக் கணத்தில் கம்பி கொஞ்சம் அமைதியாக இருக்கும். அந்த இடைவெளியில் 120 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிவிநாடிச் சத்தம் கொடுத்தால் 'ஒன்று', கொடுக்காவிட்டால் 'பூஜ்யம்'. சாதாரண எக்ஸ்10 போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது. பின்னால் வந்த எங்களுடையது கேட்கும். பதில் இல்லாவிட்டால் சிவப்பு காட்டும்.

230 வோல்ட்டுக்கு நடுவே சில வோல்ட் சிக்னல். தொலையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நவம்பர் 9

மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் நிற்கின்றன. அத்தை ஆம்புலன்ஸில் இந்த ரோட்டில்தான் வர வேண்டும். 2009 நவம்பரில் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தபோது மலையே பெயர்ந்து ரோட்டில் இருந்தது. அதை இந்த மழையோடு சேர்த்து நினைக்கக் கூடாது. நினைக்கிறேன்.

நவம்பர் 10

எரிகிறது!!

காலையில் படுக்கையைத் தட்டிப் போடும்போது கை பட்டது. நடையும் எரிந்தது, குளியலறையும் எரிந்தது. நான் எதையும் தொடவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை. அண்ணிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

அதே நாள், இரவு

எரியவில்லை.

தானாகச் சரியானது தானாகக் கெட்டுவிட்டது. கெட்டே கிடந்தால்கூடப் பரவாயில்லை. அத்தை கையில் இதை எப்படிக் கொடுப்பேன்? விளக்கு வரும் என்று நம்பி, அந்த நம்பிக்கையில் காலைக் கீழே வைத்து, அது வராமல் போனால்?

நவம்பர் 11

கீழ்வீட்டு மாமா குந்தா பவர் ஹவுசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். படியில் பார்த்ததும், "நேத்து காலைல உங்க பக்கம் வோல்டேஜ் ரொம்ப டல்லா இருந்துச்சும்மா, நான்தான் பேஸ் மாத்திவிட்டேன். சாயங்காலம் சரியானதும் பழையபடி வச்சிட்டேன்" என்றார்.

காலையில் மாற்றினார், மாலையில் திருப்பி வைத்தார்!

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் திருகுகிற மாதிரி கறுப்புப் பிடிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆர், ஒய், பி என்று எழுத்து. எங்கள் வீட்டுக்கு மூணு பேஸ் லைன், அதாவது மூன்று தனித்தனிக் கம்பிகளில் கரண்ட் வருகிறது. படுக்கையறையும் நடையும் ஆர். குளியலறை, கீசர், சமையலறை எல்லாம் பி. மாமா அந்த இரண்டாவது பிடியை நேற்று ஆர் பக்கம் திருப்பியிருக்கிறார். நான் அவரைக் கையோடு நிறுத்தி, பிடியைத் திருப்பச் சொல்லிவிட்டு மேலே ஓடி அழுத்தினேன். எரிந்தது. பி-க்குத் திருப்பச் சொன்னேன். சிவப்பு. பாவம், மாமா மழையில் குடை பிடித்துக்கொண்டு நான் ஜன்னலிலிருந்து கத்துவதற்கெல்லாம் திருப்பிக் கொடுத்தார்.

அவர் சொன்னது: ஒரு பேஸில் போட்ட சிக்னல் அடுத்த பேஸுக்கு வீட்டுக்குள் தாண்டாது. தாண்ட வேண்டுமானால் கம்பி வழியாகத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை போய், அங்கே பாய்ந்து, திரும்பி வர வேண்டும். அதற்குள் தேய்ந்துபோகும். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் வைத்துவிட்டுப் போனபோது இரண்டு பிடியும் ஆர்-இல் இருந்திருக்கும். நடுவில் ஏதோ ஒரு லோ வோல்டேஜ் நாளில் யாரோ பி-க்குத் திருப்பியிருக்கிறார்கள்.

அப்போதிருந்தே இந்த விளக்கு வரவில்லை. அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 12

அத்தை என்னிடம் பேசினார். குரல் தெளிவாக இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அமுக்குனேன் கண்ணு. செவப்பா மின்னுச்சு. சரி, நாலு எட்டுதானேன்னு எந்திரிச்சேன்."

அப்புறம் மாடி ரோஜாத் தொட்டிக்கு மழைத்தண்ணி தேங்காமல் ஓட்டையைக் குத்திவிடச் சொன்னார்.

நவம்பர் 13

தொட்டி எல்லாவற்றையும் பார்த்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 14

வயரிங் அண்ணன் வந்தார். எல்லாவற்றையும் ஆர்-இல் போட்டுவிடலாமா என்றேன். "ஆகாதும்மா. ரூம் ஹீட்டர் 2,000 வாட், கீசர் 2,000 வாட். ஒரே பேஸ்ல ரெண்டையும் போட்டு, கிச்சனும் சேர்ந்துச்சுன்னா பீஸ் போயிரும்." அவர் சொல்வது சரி. இந்தக் குளிரில் அத்தை அறையில் ஹீட்டர் இல்லாமல் முடியாது.

இவர் கப்பலிலிருந்து இரண்டு பேஸுக்கும் நடுவே போடும் கப்ளர் ஒன்றைச் சொல்கிறார். உள்ளே கெபாசிட்டர் இருக்கும், அது 50 ஹெர்ட்ஸை நிறுத்திவிட்டு வேகமான சிக்னலை மட்டும் தாண்ட விடும். ஆனால் இரண்டு பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். அதற்கென்று செய்ததைத்தான் போட வேண்டும், கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்றைப் போட முடியாது. வரவழைக்க நாளாகும். எனக்கு நாள் இல்லை.

மாட்யூலை வைத்து இன்னும் சோதித்ததில் வேறொன்றும் தெரிந்தது. ஸ்பைக் பஸ்டரில் செருகினால் ஒரே பேஸிலும் கேட்பதில்லை. கம்பியில் வரும் இரைச்சலை வடிகட்ட அதற்குள் வைத்திருக்கிற கெபாசிட்டர் சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடுகிறது. லாப்டாப் சார்ஜரும் அதே வேலையைக் கொஞ்சம் செய்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பார்த்தேன். அத்தை அறையில் இனி சார்ஜர் கிடையாது. என் போனை ஹாலில் போட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் நிஜமாகவே கரண்ட் போனது. இன்வர்ட்டரில் பொத்தானும் நடை விளக்கும் உயிரோடு இருக்கின்றன. அழுத்தினேன், நடை எரிந்தது. குளியலறை இன்வர்ட்டர் லைனிலேயே இல்லை, அங்கே கும்மிருட்டு. காற்று அடிக்கிற ராத்திரிகளில்தான் இங்கே கரண்ட் போகும். பேஸ் பேஸ் என்று இத்தனை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்!

அண்ணனிடம் உடனே போனில் சொன்னேன்: கீசர் பி-யிலேயே இருக்கட்டும். குளியலறையின் 9 வாட் விளக்கை மட்டும் பிரித்து இன்வர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். இன்வர்ட்டர் வாங்குவது ஆர்-இலிருந்து. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொத்தானும் விளக்கும் ஒரே கம்பியில் இருக்கும், மாமா எந்தப் பிடியைத் திருப்பினாலும். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "நியூட்ரலையும் சேர்த்து இழுக்கணும்மா. இல்லைன்னா கரண்ட் கசிஞ்சா அணைக்கிற ஆர்சிசிபி ட்ரிப் ஆகிட்டே இருக்கும். காலைல வயரோட வர்றேன்."

நவம்பர் 15

ரோடு திறந்துவிட்டது. டிஸ்சார்ஜ் பேப்பர் கையெழுத்தாகிவிட்டதாம், பதினொரு மணிக்குக் கிளம்புகிறார்கள். அண்ணன் ஏணியோடு நிற்கிறார், நடை சீலிங்கில் பாதி வயர் இழுத்தாகிவிட்டது. மெயினை அணைக்கச் சொல்கிறார். வாக்கருக்கு இடம் போதுமா என்று குளியலறை வாசலை அளக்கவே இல்லை, முதலில் டேப் எங்கே என்று