தளம் போட்ட பிறகுதான் வேலை

கூரைத் தளத்துக்குக் காங்கிரீட் கொட்டி முடித்து, கலவை மெஷினும் கிளம்பி, ஆட்களுக்குச் சாப்பாடும் போட்டுவிட்டால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் நிம்மதியாகப் படுக்கப் போய்விடுகிறார்கள். கொத்தனார் வேலை அத்தோடு முடிந்தது, சரி. வீட்டுக்காரன் வேலை அன்றைக்குச் சாயங்காலம்தான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது ஓட்டுக்கூரை மொத்தமும் போனது. சில வருஷம் தகரக் கொட்டகையில் ஓட்டிவிட்டு, அப்புறம்தான் காங்கிரீட் தளம் போட்ட மெத்தை வீட்டுக்கு வந்தோம்.

தளம் போட்டது கத்திரி வெயிலில். ஆற்றில் தண்ணீர் வராத மாதம், வயல் வேலை கிடையாது, ஆள் கிடைக்கும், மழை பயமும் குறைவு. ஆனால் அந்த வெயிலும் அனல்காற்றும் பச்சைக் காங்கிரீட்டின் ஈரத்தை மேலாக உறிஞ்சி எடுத்து, மயிரிழை விரிசல் விடவைத்துவிடும். அதனால் பொழுது விடியும்போதே வேலையைத் தொடங்கி, மேற்பரப்பு இறுகியதும் நனைத்த சாக்கைப் பரப்பினோம். மறுநாள் காலையில் இளங்கலவையால் வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, நாற்றங்காலுக்கு வைப்பதுபோல இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தினோம். பாத்தி பிரிக்காவிட்டால் தண்ணீரெல்லாம் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும், மேட்டுப் பக்கம் காய்ந்து கிடக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் தகராறு. எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். “நனைக்கத்தானே தம்பி, எந்தத் தண்ணியா இருந்தா என்ன?” என்றார் கொத்தனார். “கலவைக்கு ஆகாத தண்ணி நனைக்கிறதுக்கு மட்டும் ஆகுமாண்ணே?” என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. நனைப்பதற்கும் கலவைக்கு ஏற்ற தண்ணீர்தான் நல்லது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதிப் பெருத்துக் காங்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கடலோர ஊர்களில் சன்ஷேடு உதிர்ந்து கம்பி பல்லிளிக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறு இடத்திலிருந்து நல்ல தண்ணீரை டிராக்டர் டேங்கரில் வரவழைத்தோம். செலவுதான், ஆனால் இந்தச் செலவில் கை வைக்கக்கூடாது.

எத்தனை நாள் நிறுத்துவது? சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும், சாம்பல் கலந்த பிபிசி சிமென்டுக்கு 10 நாள், கடும் வெயிலில் 14 நாள். நாங்கள் அதற்கு மேலேயே நிறுத்தினோம்.

காங்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கும் சென்ட்ரிங் தகட்டுக்கு நாள் வாடகை என்பதால் சீக்கிரம் பிரிக்கச் சொல்லி நெருக்குவார்கள். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேற்பட்டால் 14. ஆறு மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கும் 14. இதெல்லாம் சாதா சிமென்டுக்கான கணக்கு, பிபிசிக்கு இன்னும் கூட விட வேண்டும்.

ஐப்பசி மழைக்குள் தளத்தின் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு, பதித்துவிட வேண்டும் என்று ஆடியிலேயே ஆளைப் பிடித்தோம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, வாட்டம் கொடுத்து, மேலே ஓடு. வாட்டத்தைக் கண்ணால் பார்த்து நம்பவே கூடாது. குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, அது தானாகக் குழாய் வாய்க்கு ஓடுகிறதா, எங்காவது தேங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கடைசிக் கூலியைக் கொடுத்தோம். ஒரு மூலையில் தேங்கியது, முனகிக்கொண்டே பிரித்துப் போட்டார்கள்.

முதல் அடைமழையில் குடையோடு மேலே ஏறிப் பார்ப்பது அவசியம். குழாய் வாயில் முருங்கை இலையும் புங்க இலையும் அடைத்துவிட்டால் மொட்டைமாடி குட்டையாகிவிடும். வலை மூடி போட்டாலும் அந்த மூடியின் மேலேயே இலை படியும், கையால்தான் அள்ள வேண்டும். கீழே, கைப்பிடிச் சுவர் சேருமிடத்துக்கு நேராகக் கூரையில் ஓர் ஈரத்திட்டு தெரிந்தது. உடனே எதையும் பூசாமல் அதன் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டியது. ஒழுக்குதான். மழைக்காலம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு அந்த இணைப்பைக் கொத்தி எடுத்து, நீர்த்தடுப்புத் திரவம் கலந்த சாந்தை வளைவாகப் பூசினோம். அதற்கு முன்பே உள்பக்கம் பெயின்ட் அடித்திருந்தால் காசுதான் தண்டம்.

காக்கை எச்சத்தில் அரசங்கன்று முளைக்கும். இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்கிவிடுகிறோம், மேலாகக் கிள்ளினால் திரும்பத் தழைக்கும்.

மாடி என்று ஒன்று வந்துவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் களம். நெல், மிளகாய், வடாம் எல்லாம் காயட்டும், அதனால் கெடுதல் இல்லை. தட்டோட்டின் இணைப்பைக் கெடுப்பது மண்வெட்டியால் சுரண்டுவதும் உலக்கை போட்டு இடிப்பதும்தான். இந்தத் தடவை சின்னம்மா உளுந்து காயவைக்கக் கேட்டிருக்கிறார். தாராளமாகப் போடுங்கள் என்று சொல்லி, கூட்டித் தள்ள ஒரு மரப்பலகையையும் மாடிப்படியில் வைத்திருக்கிறேன்.