சோளகத்தில் போய் வாடையில் திரும்பும் விளையாட்டு

எங்களுக்குப் பூமிசாத்திரம் (புவியியல்) படிப்பித்த மாஸ்டர் காலமான செய்தி இந்த வருடம் மாசி மாதக் கடைசியில் வந்தது. அவர் பெயரை எழுதத் தேவையில்லை. எங்கள் காலத்தவருக்குப் பூமிசாத்திரம் மாஸ்டர் என்றால் ஒருவர்தான். வட்சப் குழுவில் பலரும் அவருடைய பிரம்பைப் பற்றியும், கரும்பலகையிலிருந்து வெண்கட்டியைத் தூக்காமல் ஒரே இழுப்பில் இலங்கைப் படம் கீறுவதைப் பற்றியும் எழுதினார்கள். எங்கள் பள்ளிக்கூட மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நூலக மேசையில் அவர் விரித்த அந்தக் கடலைப் பற்றி எழுதவேண்டும் என்றுதான் தோன்றியது. அதில் கப்பலோட்டியவர்கள் எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான். எங்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. இனியும் எழுதாமல் விட்டால் அது இருந்ததற்கே சாட்சி இராது.

1970களின் முற்பகுதி. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். நூலகத்தின் பின் அலுமாரியில், பழைய அட்லஸ்களுக்கு அடியில், ஒரு நீளப் பெட்டி கிடந்தது. யாரோ வெள்ளைக்கார ஆசிரியர் விட்டுப்போனது என்று சொல்வார்கள். இங்கிலாந்தின் வாடிங்டன்ஸ் கம்பனி 1930களின் இறுதியில் வெளியிட்ட ‘புக்கனியர்’ என்ற பலகை விளையாட்டு அது. நடுவில் புதையல் தீவு, சுற்றிவரத் துறைமுகங்கள், ஆளுக்கொரு கடற்கொள்ளைக் கப்பல். ரம் பீப்பாய்க்கு 2 புள்ளி, முத்துக்கு 3, தங்கக் கட்டிக்கு 4, வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் 5. ஒரு கப்பலில் இரண்டு பொருளுக்கு மேல் ஏற்றமுடியாது. 20 புள்ளி பெறுமதியான பொருளை முதலில் சொந்தத் துறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் வென்றவர். மாணிக்கக் கற்கள் எல்லாம் எப்போதோ தொலைந்துபோயிருந்தன. அவற்றுக்குப் பதிலாக மாஸ்டர் குன்றிமணி வைத்தார்.

அந்த விளையாட்டில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. மாலுமி அட்டைகள் கறுப்பிலும் சிவப்பிலும் இருக்கும். எல்லா அட்டைகளையும் கூட்டி வரும் தொகைதான் கப்பலின் ஓட்டம். கறுப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் சண்டைப் பலம். ஆகவே வேகமாக ஓடும் கப்பல் சண்டையில் பலமில்லாததாய் இருக்கலாம். கையிலிருக்கும் அட்டையை வைத்து எதிராளியின் கப்பலை எடைபோடப் பழகியதில் எங்களுக்குக் கணக்கும் வந்தது, கள்ளமும் வந்தது.

ஒரு தவணை முழுக்க எங்களை விளையாட விட்டுவிட்டு, ஒருநாள் மாஸ்டர் பலகைக்கு மேலே கையை வைத்து மறித்தார்.

“இது பாய்க்கப்பல்தானே? காத்து எங்கையடா?”

நாங்கள் முழித்தோம். எப்போதாவது ஒரு அட்டையில் புயல் அடித்துத் தள்ளுமே தவிர, அந்தக் கப்பல்கள் எந்தத் திசைக்கும் ஒரே மாதிரித்தான் ஓடின.

“சரி, அதை விடு. அந்தத் தீவில கிடக்கிற முத்து ஆற்றை முத்து?”

யாருடைய முத்து என்ற அந்தக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. அடுத்த கிழமையிலிருந்து எங்களுக்கென்று ஒரு கடல் செய்யத் தொடங்கினோம்.

அவருடைய பலகையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பால்மாப் பெட்டி மட்டைகளை வெட்டிச் சேர்த்து, கோதுமைமாப் பசையால் பழைய சுவர்க் கலண்டர்த் தாள்களைப் பின்பக்கம் மேலே வரும்படி ஒட்டி, ‘இங்க்’கைத் தண்ணீரில் கரைத்துப் பஞ்சால் பூசினார். கரையோரம் வெளிறிய நீலம், உள்ளே போகப் போக இருண்ட நீலம். பாக்கு நீரிணைக்குப் பூச்சே பூசாமல் விட்டார். “பத்துப் பன்னிரண்டு மீற்றர் ஆழம். அதுக்கென்ன நீலம்?” என்றார். கப்பல்களை முள்முருக்கில் செதுக்கினோம், பாய்க்குப் பனையோலைக் குருத்து. வல்வெட்டித்துறையும் பருத்தித்துறையும் பலகையின் இடது கீழ் மூலையில் இருந்தன. அங்கிருந்து நாகபட்டினம், காக்கிநாடா, சிட்டகொங், அக்கியாப், ரங்கூன். எல்லாம் ஒருகாலத்தில் எங்கள் பகுதிப் பாய்க்கப்பல்கள் போய்வந்த துறைகள். ரங்கூனில் அரிசியும் தேக்கும் ஏற்றலாம். மேற்குப் பக்கம் இன்னொரு துண்டுப் பலகை சேர்த்தால் மலையாளக் கரை வரும். புகையிலையைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வீட்டு ஓடு ஏற்றிவரலாம்.

பலகையின் ஓரத்தில் வருடத்தை இருபத்துநான்கு கட்டங்களாகப் பிரித்திருந்தார், ஒரு கட்டம் அரை மாதம். எல்லோரும் ஒரு சுற்று ஆடி முடிந்ததும் காலக் காய் ஒரு கட்டம் நகரும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று, கார்த்திகையிலிருந்து மாசி வரை வாடை என்ற வடகிழக்குக் காற்று. இடையில் இருப்பவை நிச்சயமில்லாத மாதங்கள். காற்றோடு போனால் மூன்று கட்டம், குறுக்கே போனால் இரண்டு, எதிர்த்துப் போக முடியவே முடியாது. நங்கூரம் போட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான். சோளகத்தில் வடகிழக்கே ஓடி வங்கக்கடலைக் கடந்து, சரக்கேற்றி, வாடை எழும்பியதும் திரும்பவேண்டும். ஆனால் வாடைக்கு முன்னும் அதன் தொடக்கத்திலும் புயல் அட்டைகள் காத்திருக்கும். அவசரப்பட்டுப் புறப்பட்டவன் புயலில் மாட்டுவான். பயந்து பிந்தியவனுக்கு மாசி முடியக் காற்று விழுந்துவிடும். அப்படி அக்கரையில் தங்கியவன் கப்பல் நிறையத் தேக்கு வைத்திருந்தாலும் அவனுக்குப் புள்ளி இல்லை. சரக்கு ஊர்க்கரையில் இறங்கினால்தான் கணக்கு.

இதில் அவர் வைத்த இன்னொரு விதிதான் எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது. மற்றவன் கப்பலைத் தாக்க முடியாது. பக்கத்துக் கட்டத்தில் ஒருவன் கப்பல் உடைந்தால், அவனுடைய மாலுமிகளை ஏற்றிக்கொள்ளாமல் தாண்டிப் போகவும் முடியாது. அவர்களை ஏற்றினால் சரக்கில் ஒரு பங்கைக் கடலில் தள்ளவேண்டும். வென்றவன் யாரென்ற கணக்கில், உயிரோடு கொண்டுவந்து சேர்த்த ஆட்களும் சேர்க்கப்பட்டார்கள்.

காற்று அட்டைகளை மாஸ்டர் தானாக எழுதவில்லை. அதை எழுதியது எங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்த ஒருவன். கரையோரத்துப் பையன். விடியப்புறம் தகப்பனோடு வலையிழுத்துவிட்டு, தலைமயிர் காயாமல் முதலாம் மணிக்கு ஓடிவருவான். தோட்டக்காரக் குடும்பங்களிலிருந்து வந்த நாங்கள் அவனோடு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பங்கிட்டதில்லை. காரணத்தை இந்த மலரைப் படிக்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வேறொரு பாடத்தில், சீருடையில் மீன் மணக்கிறது என்று அவனை வாங்கில் ஏற்றி நிறுத்தியபோது வகுப்பே சிரித்தது. அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் அவனைக் கூப்பிட்டுப் பலகைக்கு முன்னால் தன் கதிரையிலேயே இருத்தினார். “நீதான் இந்தக் கடலுக்குத் தண்டையல். இவங்களுக்குக் காத்துச் சொல்லிக் குடு” என்றார். தண்டையல் என்றால் கப்பலின் தலைவன். முதலில் அவன் வாய் திறக்கவில்லை. பிறகு பேனையை எடுத்து எங்கள் கட்டங்களில் ஒவ்வொன்றாய்த் திருத்தினான். சோளகம் ஒரே சீராய் அடிப்பதில்லை, இந்தக் கிழமையில் இரண்டு நாள் ஓய்ந்து பிறகு உரக்கும் என்றான். மேற்குக் காற்றான கச்சான் திரும்புவதற்கு முன் நீரோட்டம் எப்படி மாறும் என்றான். கிழக்குக் காற்றான கொண்டல் எழும்பினால் வானத்தில் எந்தப் பக்கம் என்ன நிறம் தெரியும் என்றான். அவனுடைய பாட்டனார் ரங்கூனுக்குக் கப்பல் போனவர். சனிக்கிழமைகளில் மாஸ்டர் சைக்கிளில் போய் அந்தக் கிழவரோடு கடற்கரையில் இருந்து கேட்டு எழுதிக்கொண்டு வருவார், அவன் பிழை பார்ப்பான். அரைவருடப் பரீட்சையில் பருவக்காற்றுக் கேள்விக்கு எங்கள் எல்லோரிலும் அவனுக்கே கூடப் புள்ளி.

‘அன்னபூரணி’யின் கதையையும் மாஸ்டர் அந்த மேசையில்தான் சொன்னார். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று மாற்றினார். எங்கள் கரையைச் சேர்ந்த மாலுமிகள் ஓட்ட, 1938இல் அது மசாசுசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. “அங்கை இவங்கள் கடுதாசிக் கடலில கப்பல் விட்ட காலம், இங்கையிருந்து மெய்க்கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து போட்டுது” என்று புக்கனியர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். அதற்குச் சில வருடத்தில் யுத்தம் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, ரங்கூன் ஓட்டமும் நின்றது. கிழவர் தேக்கு ஏற்றிய கதையை நிறுத்துகிற இடமும் அதுதான்.

ஆழம் பார்க்கும் அட்டைகள் பிறகு சேர்ந்தவை. ஈயக்குண்டின் அடியில் கொழுப்புப் பூசி இறக்கினால், ஆழத்தோடு சேர்த்து அடிக்கடலின் மண்ணும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு வரும். மண்ணைப் பார்த்தே எந்தக் கரைக்குக் கிட்ட நிற்கிறோம் என்று பழைய தண்டையல்மார் சொல்வார்கள். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த ‘சலஞ்சர்’ கப்பல், 1875இல் பசிபிக்கின் மரியானாத் தீவுகளுக்குக் கிட்டக் கயிறு இறக்கியபோது 4,475 பாகம் (ஒரு பாகம் ஆறடி) போனது. எட்டுக் கிலோமீற்றருக்கு மேல். எங்களுக்கு அது விளங்கவேண்டும் என்று, பள்ளிக்கூட வாசலிலிருந்து அந்தத் தூரத்தை வீதியில் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். ஒரு முழுப் பின்னேரம். கால் நோக நடந்து முடிந்த இடத்தில் நின்று, “இப்ப இவ்வளவையும் செங்குத்தாக் கீழ நினை” என்றார். அந்த நடையை என் கால்கள் இன்னும் மறக்கவில்லை.

1984இல் நான் வெளிக்கிட்டேன். சொல்லிவிட்டு வரப் போனபோது மாஸ்டர் திண்ணையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“எந்த மாதம் போறாய்?”

“ஆடியில, சேர்.”

“சோளகம். நல்ல காத்து” என்றார். திரும்பி வருவதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ரொறன்ரோவில் என் பிள்ளைகள் பலகை விளையாட்டுக்காரர். அவர்களோடு கடல் விளையாட்டுகள் நிறைய ஆடியிருக்கிறேன். 2010இல் வந்த ‘நவெகடோர்’ நன்றாகச் செய்யப்பட்ட விளையாட்டு. லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, கடல் கடலாகத் திறந்துகொண்டு நாகசாகி வரை போவது. புதிய கடற்பகுதிக்குள் முதலில் நுழைபவர் ஒரு கப்பலை இழக்கவேண்டும். அந்த விதியில் வரலாற்றின் விலை இருக்கிறது. ஆனால் வழியில் வரும் கரைகள் எல்லாம் காசு கொடுத்து எடுத்துவைக்கும் சில்லுகள். அங்கே யாரும் குடியிருப்பதில்லை. 1619இல் போர்த்துக்கேயர் கையில் அரசிழந்த யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு, அந்தச் சில்லைக் கையில் எடுக்கும்போதெல்லாம் “ஆற்றை முத்து?” என்ற குரல்தான் கேட்கிறது. கடற்பயண விளையாட்டு என்றால் கப்பல் ஐரோப்பாவிலிருந்துதான் வெளிக்கிடவேண்டும் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வெளிக்கிட்ட கப்பல்களை வைத்து விளையாட்டுச் செய்ய, மாஸ்டரைப் போன்றவர்கள் போதியளவு இருக்கவில்லை. அவ்வளவுதான்.

இருந்தாலும் ஒரு ஜப்பானிய விளையாட்டைப் பார்த்தால் மாஸ்டர் மகிழ்ந்திருப்பார். ‘டீப் சீ அட்வெஞ்சர்’, 2014இல் ஓயிங்க் கேம்ஸ் வெளியிட்டது. உள்ளங்கை அளவுப் பெட்டி. எல்லோரும் ஒரே நீர்மூழ்கியிலிருந்து இறங்குகிறோம், எல்லோருக்கும் சேர்த்து 25 அளவு காற்றுத்தான். ஒருவர் எத்தனை புதையலைத் தூக்கியிருக்கிறாரோ, அவருடைய ஒவ்வொரு முறையிலும் அத்தனை காற்றுக் குறையும். பாரம் கூடக்கூட நடையும் குறையும். ஒரு தடவைதான் திரும்பலாம். காற்று முடிவதற்குள் கப்பலேறாதவர் எடுத்ததெல்லாம் அடிக்கடலுக்குப் போய்விடும். ஒருவனுடைய பேராசையில் எல்லோருடைய மூச்சும் குறைகிறது. திரும்பி வந்தால்தான் கணக்கு என்பதை மாஸ்டருக்குப் பிறகு இதில்தான் கண்டேன். என் மகள் எப்போதும் நேரத்தோடு திரும்புவாள். நான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கீழே நிற்பேன்.

மாஸ்டரைப் பார்க்க ஒரு வாடைக்காலத்திலாவது போயிருக்கவேண்டும். போர்க்காலத்தில் பாதை இல்லை என்றேன், அது உண்மை. அதற்குப் பிறகு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு. அவையும் உண்மைதான். அவரோ கடைசிவரை ஊரிலேயே இருந்தார். இடப்பெயர்வுகளில் நூலகத்தின் பெட்டிகளோடு அந்தப் பலகையும் போய்விட்டது. ஓலைப்பாய்க் கப்பல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

விதிகளை நினைவிலிருந்து எழுதி மலர்க் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் இரண்டு நண்பர்கள் கட்டங்களைச் சரிபார்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நல்ல மட்டையில் அச்சடித்துக் கொடுக்கும் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது. காற்று அட்டைகளில்தான் குறை. ஐப்பசி, கார்த்திகைக்குரியவற்றை எங்களில் ஒருவராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போனவனுக்குத்தான் அவை தெரியும். 1990களில் அவன் மன்னார்ப் பக்கம் இருந்ததாகக் கேள்வி. அவனோடு தொடர்புள்ளவர்கள் தயவுசெய்து குழுவுக்கு அறிவியுங்கள். தண்டையல் பார்த்துத் திருத்தாமல் அந்தப் பலகை அச்சுக்குப் போகாது. பெட்டியில் மாஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் அவனுடைய பெயரும் இருக்கவேண்டும்.