கையை எடுத்தாலும் தலை சாயாத பேஸ் கிட்டார்

பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். இடது கையை எடுத்தவுடன் கிட்டாரின் கழுத்து மெல்லத் தரையைப் பார்த்துச் சாயும். என் பழைய கிட்டார் அந்த ரகம்தான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்து மாரியம்மன் திருவிழா மேடைகளில் இரண்டு மூன்று மணி நேரம் நின்று வாசிப்பேன். ஸ்வரம் பிடிக்க வேண்டிய கை பாதி நேரம் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் மணிக்கட்டை மடக்க முடியாது. உட்புறம் சொரசொரப்பான தோல்பட்டி ஒன்று போட்டுப் பார்த்தேன். சாய்வு குறைந்தது, தோள் வலி கூடியது.

அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவர். நான் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பாரத்தால இல்ல தம்பி, கயிறு கட்டின இடம் சரியில்ல. கூடையும் அப்படித்தான், கயிற மாத்திக் கட்டினா அதே பாரம் லேசாயிரும்" என்றார். அதற்குப் பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன்.

கிட்டாரை ஒரு கதிரையின் முதுகு விளிம்பில் குறுக்கே வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினால், இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடம் கிடைக்கும். அதுதான் புவியீர்ப்பு மையம். எனக்கு அது நட்டிலிருந்து, அதாவது கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையிலிருந்து, இருபத்திரண்டரை அங்குலத்தில் வந்தது. உடலிலிருந்து கழுத்துப் பக்கம் நீளும் மேல் கொம்பில் பட்டி மாட்டும் ஆணியோ 16-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) நேரே, அதாவது இருபதரை அங்குலத்தில் இருந்தது. நடுவில் இரண்டே அங்குலம். தொங்கும் இடத்துக்கும் பாரத்துக்கும் இவ்வளவு கிட்டத்து உறவு இருந்தால் கழுத்து சாயத்தான் செய்யும். 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் படத்தைப் பாருங்கள், மேல் கொம்பு கிட்டத்தட்ட 12-ஆவது ஃப்ரெட் வரை நீண்டிருக்கும். அழகுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தந்தியை முறுக்கும் கீகள் இருக்கும் தலையே இல்லாத பேஸும் ஒரு வழி. நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் அதைப் பிரபலமாக்கினார். ஆனால் அதற்கான பாகங்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. நட்டிலிருந்து உடலில் தந்தி பூட்டும் பிரிட்ஜ் வரை 34 அங்குலம் வரும் பழைய மேப்பிள் கழுத்து ஒன்றும் ஏற்கெனவே கையில் இருந்தது. சரி, உடலை மட்டும் புதிதாகச் செய்வோம் என்று மஸ்கெலியாவில் தளபாடம் செய்யும் பாஸ் அண்ணனிடம் போனேன்.

முதலில் நல்ல மரத்தில் கை வைக்கவில்லை. ப்ளைவுட்டில் ஓர் உடலை வெட்டி, கழுத்தை நான்கு போல்ட்டால் பூட்டினோம். கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரீப்பைக் கட்டையை (ஒடுக்கமான நீளச் சட்டத்தை) திருகி, 16-இலிருந்து 12 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் நேரே ஒரு துளை போட்டோம். உண்மையான உடலின் எடைக்கு மணல் பொட்டலங்களை டேப்பால் ஒட்டினோம். நான் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க, அண்ணன் ஆணியைத் துளை துளையாக மாற்றினார். 15-இல் கழுத்து விழுந்தது. 14-இல் மெதுவாக இறங்கியது. 13-இல் நின்ற மாதிரி இருந்து, நான் மூச்சு விட்டதும் அசைந்தது. 12-இல் கையை எடுத்தேன், அப்படியே நின்றது. 16-க்கும் 12-க்கும் இடையில் வெறும் மூன்றரை அங்குலம்தான்!

மரம் வாங்கியதில் ஒரு தவறு செய்தேன். பாரம் குறையட்டும் என்று உடல் முழுவதற்கும் அல்பீசியா என்ற லேசான மரம் வாங்கினேன். உடல் லேசானால் கழுத்தை எதிர்த்து இழுக்க ஆள் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. மணல் பொட்டலத்தைக் குறைத்துப் பார்த்ததும் தலை மறுபடி இறங்கியது. கடைசியில் நடுப்பகுதிக்குப் பழைய கதவு நிலையின் பலாப் பலகை, இரண்டு பக்கமும் அல்பீசியா என்று முடிவு செய்தோம். மிருதங்கம் குடைகிற அதே பலாதான். பல வருடம் காய்ந்திருந்ததால் எங்கள் ஊர் மழைக்கு வளையும் என்ற பயமில்லை, பிரிட்ஜின் திருகுகளையும் இறுக்கிப் பிடிக்கும். கொம்பு நுனியில் அல்பீசியா திருகைத் தாங்காது. அங்கே துளைத்துப் பலா முளை ஒன்றை இறக்கிப் பசை போட்டு, அதில்தான் பட்டி ஆணியைப் பூட்டினோம்.

அடுத்தது தலையிலுள்ள கீகள். பழையவை ஒவ்வொன்றும் 90 கிராம். கட்டாரில் இருக்கும் மச்சானிடம் சொல்லி 60 கிராம் கீகள் நான்கு வரவழைத்தேன். மொத்தம் 120 கிராம்தான் மிச்சம். ஆனால் அது பட்டி ஆணியிலிருந்து இருபது அங்குலம் தள்ளி இருக்கிறது. அதே பலனை மறுபக்கம் பதினைந்து அங்குலத்தில் எடை சேர்த்துப் பெறுவதென்றால் 160 கிராம் வேண்டும், அதையும் தோள்தான் சுமக்க வேண்டும். கையில் காசு கொஞ்சமாக இருந்தால் அதை முதலில் கீகளுக்குச் செலவழியுங்கள் என்பேன்.

எல்லாம் பூட்டிய பிறகு கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் தொங்கவிட்டேன். பழையது 4.6 கிலோ, புதியது 3.8. மையம் இருபத்து மூன்று அங்குலத்தில், ஆணி பதினேழில். இடைவெளி ஆறு அங்குலம்.

இந்த வருடத் தேர்த் திருவிழாவில் மூன்று மணி நேரம் வாசித்தேன். இடையில் வியர்வை துடைக்க இரண்டு கையையும் எடுத்தபோது கழுத்து இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த ரீப்பைக் கட்டை இப்போது அண்ணனின் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. நோர்வூட்டிலிருந்து ஒரு தம்பி ஐந்து தந்தி பேஸ் கேட்டிருக்கிறான். கழுத்து அகலம், கீயும் ஒன்று கூடுதல். 11-ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே இன்னொரு துளை போட வேண்டும்.