மூன்றாவது கியூப்

"சார், மூணாவது கியூப் ரீடிங்கை அடிச்சிடட்டுமா, இல்ல மாத்தி எழுதட்டுமா?" என்று அந்த மாணவி கேட்டபோது, நான் நோட்டிலிருந்து தலையை உயர்த்தாமலேயே, "மாத்தியே எழுதிடும்மா, 470 போடு" என்றேன். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அது நெருடுகிறது. சொன்ன பதிலைவிட, அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை என்பதுதான் அதிகம் உறுத்துகிறது.

எம் 20 கான்கிரீட் (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை தர வேண்டிய) கலவையில் வார்த்த, 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள மூன்று கியூப்களும் 28 நாள் நீரில் ஊறியபின் முறையே 438, 461, 590 கிலோநியூட்டன் சுமையில் உடைந்திருந்தன. ஒரு கியூபின் வலிமை மூன்றின் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்தச் சோதனை முடிவு செல்லாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. மூன்றாவது கியூப் 19 விழுக்காடு மேலே நின்றது. முந்தைய வாரம்தான் இந்த விதியைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தேன்.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாள்களே இருந்தன; மறுபடி வார்த்தால் இன்னும் 28 நாள் காத்திருக்க வேண்டும். 'முடிவு செல்லாது' என்ற வரியை ரெக்கார்டில் காணும் வெளித்தேர்வாளர் நேர்மையைப் பாராட்டுவாரா, மதிப்பெண்ணில் கைவைப்பாரா என்று சொல்ல முடியாது. அவளைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னேன் என்று நெடுநாள் நம்பினேன். ஆனால் அவள் கேட்டதை நினைத்துப் பார்த்தால், 'அப்படியே எழுதட்டுமா' என்பது அந்தக் கேள்வியிலேயே இல்லை. அப்படி ஒரு வழி இல்லை என்பதை மூன்றாம் ஆண்டுக்குள் அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று பின்னர்தான் உறைத்தது. 590 கிலோநியூட்டன் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 26.2 நியூட்டன், எம் 20 கலவையை வடிவமைக்கும்போது நாம் குறிவைக்கும் சராசரி வலிமையோ 26.6. அப்படியானால் ஒழுங்காக வார்த்த கியூப் அது ஒன்றுதானோ, சரியாகக் குத்தி இறுக்காமல் விட்டவை மற்ற இரண்டுமோ? அல்லது, கல்லூரிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று பையன்கள் சோதனை இயந்திரத்தின் வால்வை முழுக்கத் திறந்து சுமையை விரைந்து ஏற்றிவிட்டார்களோ? விதிப்படி, சதுர மில்லிமீட்டருக்கு நிமிடத்துக்கு 14 நியூட்டன் என்ற வேகத்தில் ஏற்றினால் அந்தச் சுமையை எட்ட இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். விரைந்து ஏற்றினால் வலிமை கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. அதனால் மட்டும் இவ்வளவு உயருமா என்பது ஐயம்தான். உடைந்த துண்டுகளைப் பார்த்திருந்தால் ஏதாவது புலப்பட்டிருக்கும். அவை அன்று மாலையே கட்டடக் கழிவோடு போய்விட்டன.

இப்போதெல்லாம் அளவீடுகளை அப்படியே எழுதுமாறு சொல்கிறேன். தேர்வு நெருங்கும்போது அதே உறுதியோடு சொல்கிறேனா என்று கேட்டால் தயங்குவேன். அவளுடைய ரெக்கார்டு, கையெழுத்து அழகாக இருப்பதால், ஆய்வக அலமாரியில் மாதிரியாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். 470-க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் என் கையொப்பம் இருக்கிறது.