விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

மதுரை – திருச்சி நான்குவழிச் சாலையை ஒட்டிய சிறு நகரம் எங்களுடையது. 2022 செப்டம்பரில், வாரச்சந்தையிலிருந்து டிவிஎஸ் 50 வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த அப்பா, சாலை நடுத்தடுப்பில் விடப்பட்டிருந்த இடைவெளி வழியாகக் குறுக்கே கடந்தபோது கார் ஒன்று மோதி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அன்று தொடங்கி இழப்பீட்டுத் தொகை கைக்கு வரும்வரை நாங்கள் அலைந்த கதையில், மற்றவர்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி உள்ளூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அந்த வழியாக வந்த ஓர் இளைஞர். மோதலை நேரில் பார்த்தவர்தான். ஆனால் பணியிலிருந்த மருத்துவர் கேட்டபோது, பதற்றத்தில், “வண்டியோட விழுந்து கிடந்தாரு” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மருத்துவரும் அதை அப்படியே, இருசக்கர வாகனத்திலிருந்து தானாக விழுந்ததாகக் கூறப்படுகிறது என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாளை நான் முதன்முதலில் படித்தது மூன்று வாரம் கழித்துத்தான். அதற்குள் அப்பா மதுரை பெரியாஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டு, காலுக்குள் கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையும் முடிந்திருந்தது.

வார்டில் இருந்தபோதே, வழக்கு நடத்தித் தருவதாக ஒருவர் பழப்பையோடு வந்து, நம் சார்பில் வழக்காட வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துத் தாளில், எதுவும் நிரப்பாமலே, அப்பாவின் கையெழுத்தைக் கேட்டார். எங்கள் விபத்து விவரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

காவல் நிலையத்தில் மறுநாள் மாலைதான் புகார் கொடுத்தோம். கார் நிற்காமல் போய்விட்டதால், எதிரே இருந்த பெட்ரோல் பங்கின் கேமராப் பதிவில்தான் அதன் எண் கிடைத்தது. பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், புகார் எழுதும் முன்பே பங்குக்குப் போய்க் கேட்டு வாங்கினோம். அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 279 (அசட்டையாக வண்டி ஓட்டுதல்), 337 (அதனால் காயம் ஏற்படுத்துதல்) பிரிவுகளில் பதிவான வழக்கு, காயச் சான்றிதழில் கொடுங்காயம் என்று வந்த பிறகு, அதற்குரிய 338-க்கு மாற்றப்பட்டது. முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை ஒவ்வொன்றாக வாங்கினேன். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று வழக்கறிஞர் அவசரப்படுத்தியதால், நான்காவது மாதத்தில் மனு தாக்கலானது.

ஊனச் சான்றுக்காக மருத்துவக் குழு முன் போனபோது, மருத்துவர் பாகைமானி போன்ற ஒரு கருவியை முழங்காலின் பக்கவாட்டில் வைத்து, மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி அளந்தார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, இயன்றதைவிட அதிகமாக மடக்கிக் காட்ட முயன்றார். மருத்துவர்தான், “வலிக்கிற இடத்துல நிறுத்துங்கய்யா” என்றார். 30 சதவீதம் என்று சான்று வந்தது.

விசாரணையில் காரின் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் எடுத்த முதல் ஆயுதம் அந்த ஏ.ஆர். காப்பி. தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் இழப்பீடு தர வேண்டும் என்பதே அவருடைய வாதம். எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. டிவிஎஸ் 50-இன் வலப்பக்கக் கால்மிதி உட்புறமாக வளைந்திருந்ததையும் காரின் முன்பக்க பம்பர் இடது மூலையில் உடைந்திருந்ததையும் ஆய்வாளரின் அறிக்கை தனித்தனியே குறித்திருந்தது. அடுத்தது, அந்த இளைஞர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறியது. “அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?” என்று குறுக்கு விசாரணையில் கேட்டபோது, “விழுந்து கிடந்ததும் உண்மைதானே ஐயா, எதனால விழுந்தாருன்னு அவங்க கேக்கல” என்றார். ஒரு வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தாலும் இவ்வளவு சரியான பதில் வந்திருக்காது.

தொகையைக் கணக்கிடும் இடத்தில்தான் உண்மையான இழுபறி நடந்தது. ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 5,000 ரூபாய் என்று கணக்கிட்டால் போதும் என்றது காப்பீட்டுத் தரப்பு. அப்படியானால் அந்தத் தலைப்பில் கிடைப்பது 1,50,000 மட்டுமே. குத்துக்காலிட்டு உட்காராமல், மூட்டை தூக்காமல் காய்கறி வியாபாரம் செய்ய முடியாது என்பதால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று, ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் காட்டி எங்கள் வழக்கறிஞர் வாதிட்டார். அப்பாவின் வருமானத்துக்கு எந்தக் காகிதமும் இல்லை. வழக்கை விசாரித்த விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே மாதம் 12,000 என்று மதிப்பிட்டு, 54 வயதுக்கு, சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த அட்டவணைப்படி பெருக்கெண் (ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது) 11 எனக் கொண்டு, 30 சதவீத இழப்பாக 4,75,200 ரூபாய் நிர்ணயித்தது. வலி வேதனை, போக்குவரத்து, உதவியாளர் செலவு, மருந்து ரசீதுகள் எல்லாம் சேர்ந்து 6,23,600 ஆனது. ரசீது இல்லாத செலவுக்கு வாதாடுவது வீண் என்பதையும் அங்கே கற்றுக்கொண்டேன்.

அதில் 20 சதவீதத்தை, சாலையைக் கடக்கும்போது அப்பாவும் போதிய கவனம் காட்டவில்லை என்று கழித்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த இடைவெளியை விட்டால், வீட்டுக்கு வர இரண்டு கிலோமீட்டர் சுற்றித்தான் வர வேண்டும். மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டபோது அப்பா வேண்டாம் என்றுவிட்டார். மீதி 4,98,880 ரூபாயும் மனுத் தேதியிலிருந்து 7.5 சதவீத வட்டியும் நீதிமன்றக் கணக்கில் செலுத்தப்பட்டன. அதை எடுக்கத் தனியாக ஒரு மனு போட வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் மனு ஒருமுறை திரும்பி வந்தது; திருத்திக் கொடுத்த ஏழாவது வாரம் பணம் வந்தது.