32 ஜிபி போட்டோம், 16தான் ஓடியது

மச்சினன் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. பழைய 8 ஜிபி கணினியில் போட்டோஷாப்பையும் லைட்ரூமையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் நின்றுவிடும். அதனால் புதிதாக ஒன்று கட்டும்போது ராமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐ5-12400 ப்ராசஸர், பி660 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் இரண்டு. எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. ப்ராசஸரையும் அதோடு வந்த கூலரையும் கடையிலேயே போர்டில் மாட்டிக் கொடுத்தார்கள். ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட் வேலையெல்லாம் வீட்டில். கிராபிக்ஸ் கார்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

டிஸ்ப்ளே முதல் முறையே வந்தது. விண்டோஸ் 11 ஏறியது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பார்த்தால் ராம் வரியில் இப்படி இருந்தது: 32.0 ஜிபி, அடைப்புக்குறிக்குள் 15.8 ஜிபி யூசபிள்.

"மாமா, டூப்ளிகேட் ராம் குடுத்து ஏமாத்திட்டானுங்களா?" என்றான் மச்சினன். அப்படி இருந்தால் 32 என்றே காட்டாதே என்றேன். ஆனால் அது ஏன் 32 என்றும் 15.8 என்றும் ஒரே வரியில் இரண்டு கதை சொல்கிறது என்பதை அன்று ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு ராம் ஸ்டிக்கிலும் மெமரி சிப்புகளைத் தவிர எஸ்பிடி என்று ஒரு குட்டி சிப் இருக்கும். தான் எத்தனை ஜிபி, என்ன வேகம், யார் தயாரிப்பு என்ற ஜாதகம் அதில் எழுதியிருக்கும். விண்டோஸுக்கு முன்னால் எழும்பும் பயாஸ் (போர்டின் சொந்த மென்பொருள்) அதைப் படிப்பது தனியாக ஓடும் ஒரு மெல்லிய பாதையில். உண்மையான டேட்டா போய்வருவது வேறு கம்பிகளில்; சேனல் என்கிற அந்தப் பாதை ஒவ்வொன்றும் 64 பிட் அகலம், ப்ராசஸருக்கும் ஸ்லாட்டுக்கும் நேரடி இணைப்பு. அதனால் டேட்டா பாதை அறுந்திருந்தாலும் ஜாதகம் படிக்க முடியும். விண்டோஸ் சொல்லும் 32 அந்த ஜாதகக் கணக்கு. 15.8 என்பது நிஜமாக எழுதிப் படிக்க முடிகிற இடம். நம் ஸ்டிக் இரண்டும் அங்கே இருப்பது கணினிக்குத் தெரிகிறது, ஒன்றோடு மட்டும் பேச முடியவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு என்பதே பாதி வைத்தியம். 16 ஜிபி போட்டு 13.9 அல்லது 15.4 என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்து வைத்திருக்கிறது. ரைசன் 5600ஜி மாதிரி சிப்புகளில் சில போர்டுகள் தானாகவே 2 ஜிபி வரை ஒதுக்கும். பயாஸில் யுஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ் என்ற இடத்தில் குறைத்துக்கொள்ளலாம். 4 ஜிபி போட்டு மூன்றே கால் மாதிரி காட்டினால் அது 32 பிட் விண்டோஸ். அதன் முகவரிக் கணக்கே மொத்தம் 4 ஜிபிதான், அதிலும் மற்ற சாதனங்கள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் 7 காலத்தில் ஹோம் பேசிக் 8 ஜிபியோடும் ஹோம் பிரீமியம் 16 ஜிபியோடும் நின்றுவிடும், 64 பிட்டாக இருந்தாலும். விண்டோஸ் 11-ல் இந்த வம்பு கிடையாது. அது 64 பிட்டில் மட்டுமே வருகிறது, ஹோம் பதிப்பே 128 ஜிபி வரை ஏற்கும்.

எங்களுக்குக் குறைந்தது கிட்டத்தட்ட சரிபாதி. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஹார்ட்வேர் ரிசர்வ்டு 16.2 ஜிபி என்றது. சரிபாதி காணவில்லை என்றால் ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட், அல்லது ஒரு சேனல் முழுசாகப் போயிருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் யூடியூபில் தேடினால் எல்லா வீடியோவும் எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் செட்டிங்ஸ் கருவியைத் திறக்கச் சொல்கிறது. பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், மேக்ஸிமம் மெமரி. அந்த டிக் எதற்கென்றால் வேண்டுமென்றே ராமைக் குறைத்துச் சோதனை செய்ய. யாராவது முன்பே அதை டிக் செய்து வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். புதிதாகப் போட்ட விண்டோஸில் அது காலியாகத்தான் இருக்கும். எங்களுக்கும் காலியாகவே இருந்தது. அதில் டிக் போட்டு 32768 என்று அடிக்கச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொல்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேல்.

விண்டோஸ் குற்றவாளியா இல்லையா என்று பார்க்க ஒரே வழி, அது எழும்புவதற்கு முன்னால் பார்ப்பது. டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போனேன். போர்டில் ஏ, பி என்று இரண்டு சேனல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்லாட். ஸ்லாட் பட்டியலில் ஏ2-வில் 16384 எம்பி (அதாவது 16 ஜிபி), பி2-விலும் 16384 எம்பி. ஆனால் மேலே மொத்த மெமரி 16384 எம்பி மட்டும். அதோடு விண்டோஸ் சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டது. ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சாதாரண வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸின் புதுப் பதிப்பைப் பென் டிரைவில் போட்டு ஏற்றியும் பார்த்தாயிற்று. மாற்றமில்லை.

இனி கேபினெட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட் இரும்பைத் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். இப்போது வரும் பல போர்டுகளில் ராம் ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம்தான் கொக்கி. கொக்கி இல்லாத பக்கம் சரியாக இறங்காமல் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் கழற்றி மறுபடி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். பெரும்பாலானவர்களுக்கு இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். எனக்குத் தீரவில்லை. தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிற நம்மூர் வைத்தியத்தை மச்சினன் நினைவுபடுத்தினான். பல வருடம் ஓடிய ராமுக்கு அது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன், கவரிலிருந்து இப்போது பிரித்த ராமுக்கு அவசியமில்லை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலை. இதில் அவசரப்பட்டால் குழம்பிவிடும் என்பதால் ஸ்டிக் இரண்டிலும் பேனாவால் 1, 2 என்று குறித்து, ஒவ்வொரு முடிவையும் தாளில் எழுதிக்கொண்டே போனேன். 1-ஐ மட்டும் ஏ2-வில் போட்டால் 16 ஜிபி, சுத்தமாக ஓடுகிறது. 2-ஐ மட்டும் ஏ2-வில் போட்டாலும் அதே. ஆக, ராம் இரண்டும் நல்லவை. 1-ஐ மட்டும் பி2-வில் போட்டால் டிஸ்ப்ளே இல்லை. போர்டில் டிராம் என்று எழுதியிருக்கும், மெமரிக் கோளாறைக் காட்டும் எல்இடி எரிந்துகொண்டே நின்றது. 2-க்கும் அதே கதி. சரி, பி2 ஸ்லாட்தான் பழுது என்று சொல்லியிருப்பேன், ஆனால் பி1-இலும் அதேதான் நடந்தது. பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டுகள் இரண்டும் ஒரே நேரத்தில் சாவது நம்பும்படியாக இல்லை. கடைசியாக ஏ1, ஏ2 இரண்டிலும் ஒவ்வொன்று போட்டேன். 32 ஜிபி, கிட்டத்தட்ட அத்தனையும் யூசபிள்!

மச்சினனுக்கு ஒரே சந்தோஷம். "இப்படியே வுட்ருலாம் மாமா" என்றான். விட்டால் வேலை ஓடும், உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்திருந்தால் டிடிஆர்4-3200 ராமில் நொடிக்கு 25.6 ஜிபிதான் உச்சம். இரண்டு சேனலும் வேலை செய்தால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தக் கணினியில் படம் வரைவதற்கும் இதே ராம்தான் என்பதால் அடி இரட்டிப்பு. தவிர, புதுப் போர்டில் பாதியைச் செத்ததாக விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஒரு சேனல் முழுசாக வரவில்லை என்றால் பார்வை ப்ராசஸர் பக்கம் திரும்ப வேண்டும். முன்பெல்லாம் ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் போர்டில் தனி சிப்பில் இருந்தது. ஏஎம்டி 2003-ல் அத்லான் 64-லேயே அதை ப்ராசஸருக்குள் கொண்டுபோய்விட்டது. டெஸ்க்டாப்பில் இன்டெல் அதைச் செய்தது 2008-ல், முதல் கோர் ஐ7-ல். அன்றிலிருந்து ராம் பிரச்சினை பல நேரம் ப்ராசஸர் சாக்கெட் பிரச்சினைதான். இந்த ப்ராசஸர் உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பெயருக்கேற்ப 1700 பின்கள், தலைமுடி மாதிரி மெல்லியவை. எர்த் பின் ஒன்று மடங்கினால் தெரியாமலே ஓடலாம். டேட்டா பின் மடங்கினால் சேனல் காலி. கூலர் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால்கூட ப்ராசஸர் லேசாகச் சாய்ந்து இதே கூத்து நடக்கும்.

அதனால் முதலில் கூலரை மட்டும் கழற்றி, மூலைக்கு மூலை எதிரெதிராக அழுத்தி மறுபடி மாட்டிப் பார்த்தேன். பலனில்லை. பிறகு ப்ராசஸரையே தூக்கினேன். டார்ச்சைச் சாய்வாக அடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லா பின்களும் ஒரே திசையில் வரிசையாக மின்னுகின்றன. ராம் ஸ்லாட் பக்கத்து ஓரத்தில் ஒன்று மட்டும் மின்னவில்லை. பக்கத்து பின் மேல் படுத்திருந்தது.

போட்டோ எடுத்துக்கொண்டு போர்டோடு கடைக்குப் போனேன். எதிர்பார்த்த பதில்தான்: "சார், இது பிசிக்கல் டேமேஜ், கம்பெனி எடுக்க மாட்டாங்க." பின் மடங்கியதை நிறுவனங்கள் பொதுவாக வாரண்டியில் சேர்ப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். "ப்ராசஸர் மாட்டினது உங்க கடையிலதானே, பில்லுலயே ஃபிட்டிங்னு எழுதியிருக்கீங்களே" என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சு வளர்ந்தது. அவர்கள் மாட்டியபோது மடங்கியதா, பெட்டியிலிருந்தே அப்படி வந்ததா என்று எனக்கும் நிரூபிக்க வழியில்லை, அவர்களுக்கும் இல்லை. கடைசியில் முதலாளியே, "மேல ஒரு மொபைல் சர்வீஸ் தம்பி இருக்கான், பின் எடுத்துக் குடுப்பான், காசு நான் பாத்துக்கறேன்" என்று இறங்கிவந்தார்.

அந்தத் தம்பியின் கடை ஒரு மேஜை அகலம்தான். போன் போர்டுகளைப் பார்க்கிற மைக்ராஸ்கோப்பின் கீழ் சாக்கெட்டை வைத்தார். எனக்கும் திரையில் காட்டினார். ஊசி முனை ட்வீசரை பின்னுக்கு அடியில் கொடுத்து, ஒரே இழுப்பில் நிமிர்த்தாமல், கொஞ்சம் தூக்கி, பக்கத்து பின்னோடு ஒப்பிட்டு, மறுபடி கொஞ்சம் தூக்கி. "ஒடஞ்சிட்டா சாக்கெட்டே மாத்தணும் சார், அதான் மெதுவா" என்றார். வீட்டில் லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலால் செய்யலாம் என்று படித்திருந்தேன். இவர் கையைப் பார்த்த பிறகு, நான் முயலாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

கடையிலேயே மேஜை மேல் போர்டை வைத்து, ஏ2, பி2-வில் ராம் போட்டு ஆன் செய்தார்கள். பயாஸில் மொத்த மெமரி 32768 எம்பி, டூயல் சேனல். வீட்டில் பழைய தெர்மல் பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாகத் தடவி எல்லாவற்றையும் மறுபடி கட்டினோம். விண்டோஸில் 31.8 யூசபிள். மிச்சம் 0.2 உள்கிராபிக்ஸ் முதலான வன்பொருளுக்கு ஒதுக்கியது, அதை யாரும் தேட வேண்டாம். எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் டாஸ்க் மேனேஜரில் வேகம் 3200 என்று வந்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடி நிற்கும். பிழை ஒன்றும் இல்லை.

சாக்கெட் மேல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கடையில் கேட்டு வாங்கிப் போர்டுப் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறு பழுதுக்கு வாரண்டியில் போர்டை அனுப்பினால், மூடி இல்லாமல் வாங்க மறுப்பவர்கள் உண்டு. மச்சினன் இப்போதே மீதி இரண்டு ஸ்லாட்டையும் நிரப்பி 64 ஆக்கலாமா என்று கேட்கிறான். நான்கு ஸ்டிக் ஏறினால் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும், 3200-ல் நிற்காமல் வேகத்தைக் குறைக்க வேண்டி வரலாம். வாங்குவதானால் இதே மாடலில் வாங்கு, அதற்கு முன்னால் ஒரு முழு ஆல்பத்தை டிசைன் பண்ணிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைப் பார், 28 ஜிபியைத் தாண்டுகிறதா என்று சொல் என்றிருக்கிறேன்.